அண்ணத்தில் ஒரு கறுப்பு

ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளின் வார்டில் டாக்டர் உலகநாயகியிடம் இரண்டு இளம் டாக்டர்கள் தொழில் பழகினார்கள். மிருதுளா, ஆக்னஸ்.

மேடம் எதைக் கேட்டாலும் ஆக்னஸ் முந்திக்கொள்வாள். "சபாஷ்" என்பார் மேடம். ஒவ்வொரு சபாஷுக்கும் மிருதுளாவுக்கு வயிறு எரியும். ஆக்னஸ் சும்மா சிரித்தால்கூடத் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருக்கும்.

ஐந்து வயது நிறைமதி ஆக்னஸின் பொறுப்பில் இருந்தாள். புற்றுநோய் மருந்தில் உடம்பின் எதிர்ப்பு சக்தி சுத்தமாக வடிந்திருந்தது. காய்ச்சல் விட்டபாடில்லை.

ஒரு நாள் காலை மிருதுளா அந்தக் கட்டிலைத் தாண்டும்போது குழந்தை கொட்டாவி விட்டாள். மேலண்ணத்தில் கடுகளவு கறுப்பு.

பூஞ்சையாக இருக்கலாம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அது மணிக்கு மணி பரவும். மிருதுளாவுக்குத் தெரியும்.

சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் மேடம் வந்துவிட்டார். ஆக்னஸ் குழந்தையைப் பற்றி எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தாள். அண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சபாஷ்" என்றார் மேடம்.

அவளே கண்டுபிடிக்கட்டும் என்று மிருதுளா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

மறுநாள் குழந்தையின் கன்னம் வீங்கிக் கிடந்தது. மிருதுளாவுக்குப் பகீரென்றது. ஓடினாள்.

"மேடம், நிறைமதியோட அண்ணத்தைப் பாருங்க. பூஞ்சைன்னு நினைக்கிறேன்."

மேடம் டார்ச் அடித்துப் பார்த்தார். கறுப்பு புளியங்கொட்டை அளவுக்குப் பரவியிருந்தது. உடனே பூஞ்சைக்கான மருந்து நரம்பில் ஏறியது. சர்ஜன் வந்து, அழுகிய அண்ணத்தை வெட்டி எடுத்தார்.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். அண்ணத்தில் ஓட்டை விழுந்ததால், பால் குடித்தால் மூக்கு வழியாக வந்தது.

ஆக்னஸ் மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் பார்க்கலைன்னா பிள்ளை போயிருக்கும்டி."

மேடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வாரக் கடைசியில் மிருதுளா பொறுக்கமாட்டாமல் மேடத்தின் அறைக்கே போய் நின்றாள்.

"ஆக்னஸ் எது செஞ்சாலும் சபாஷ்ங்கறீங்க மேடம். நிறைமதிக்கு வந்தது என்னன்னு பார்த்தது நான். எனக்கு ஒண்ணு சொல்லக் கூடாதா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை.

"சொல்றேம்மா. நீ அதை எப்போ பார்த்த? அதை மட்டும் முதல்ல சொல்லு."