கிவிப்பழம் கம்பளி போர்த்திய கதை

மரமும் மிருகமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கிவிப்பழத்தின் மேல் ரோமம் கிடையாது. திராட்சையைப் போல மழமழவென்று இருக்கும். கஷ்கொட்டைக்கும் முள்கூடு இல்லை. பழுப்புக் கொட்டைகள் தனித்தனியாகக் கிளையில் தொங்கும்.

அப்போது தூவான மலையில் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன. ஆளுக்கொரு கிவிப் பந்தல், ஆளுக்கொரு கஷ்கொட்டை மரம், நடுவில் வேலி. கார்த்திகையில் வியாபாரிகள் கழுதைகளோடு மலையேறி வருவார்கள். அவர்களை முதலில் தன் வாசலுக்கு இழுத்துவிட ஒவ்வொரு வீடும் போட்டி போடும்.

பாறை மறைவில் சிறிய பந்தல் போட்டிருந்தவள் சடைச்சி. தனியாள். அவளுக்குக் கீழே பள்ளத்தில் நஞ்சனின் பெரிய பந்தல் இருந்தது. ஒரு சாண் வேலித் தகராறில் இருவரும் நான்கு வருஷமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அந்த வருஷம் காய் பருத்து நின்ற நேரம். ஒரு காலையில், சடைச்சியின் மரத்தடியில் வளை தோண்டிக் குடியிருந்த முள்ளம்பன்றி வெளியே வந்தது. மண்ணுக்கடியில் வேரெல்லாம் சில்லிட்டுக் கிடப்பதாகவும், மறுநாள் விடிவதற்குள் உறைபனி இறங்கிவிடும் என்றும் சொன்னது.

சடைச்சி வீட்டிலிருந்த ஒரே கம்பளியை எடுத்து வந்தாள். விரித்துப் பார்த்தால் அது அவள் பந்தலில் பாதிக்குக்கூடப் போதவில்லை. கீழே நஞ்சன் காய்ந்த புல்லை அள்ளி அள்ளித் தன் கொடிமேல் போட்டுக்கொண்டிருந்தான். காற்று அதை உடனுக்குடன் அடித்துக்கொண்டு போயிற்று. பனி முதலில் தங்குவது பள்ளத்தில்தான். கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் அதையே பார்த்து நின்றாள்.

பிறகு வேலியைத் தாண்டிக் கீழே இறங்கினாள். கம்பளியைக் கிழித்து, ரோமத்தைச் சிறுசிறு பஞ்சாகப் பிய்த்து, கொடியின் பசையைத் தொட்டு நஞ்சனின் பழங்கள்மேல் ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினாள். நஞ்சனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என் பழத்துக்கு எதுக்கும்மா உன் கம்பளி?" என்றான்.

"என் பந்தல்ல தேறுறது ஒரே ஒரு கூடைண்ணே. அந்த ஒரு கூடைக்காக எந்த வியாபாரி இந்த மலை ஏறுவான்? உங்க பழம் பொழைச்சாத்தான் என் பழத்துக்கும் வழி."

நஞ்சன் வீட்டுக்குள் போனான். தன் கம்பளிகள் மூன்றையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சேதி வீடு வீடாகப் பரவியது. பொழுது சாய்வதற்குள் மலையில் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி மிச்சமில்லை. பன்னிரண்டு பந்தலிலும் ரோமம் ஒட்டாத பழமும் இல்லை.

கஷ்கொட்டைகளுக்குத்தான் எதுவும் இல்லை. "எங்களை விட்டுட்டீங்களே" என்று மரம் மெல்லக் கேட்டது. சடைச்சி வெறுங்கையைப் பார்த்துக்கொண்டாள். அப்போது முள்ளம்பன்றி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. பொலபொலவென்று முள் கொட்டியது. அதன் சொந்தக்காரர்களும் புதர் புதராக வெளியே வந்து உலுக்கின. கொட்டைக்கு ஒரு கூடு கட்டும் அளவுக்கு முள் காணாது. ஆகவே மலைக்காரர்கள் மும்மூன்று கொட்டைகளைச் சேர்த்து அணைத்து ஒரே கூடாகக் கட்டினார்கள். கட்டிய விரல்களெல்லாம் ரத்தம்.

குளிர் காய விறகு வேண்டுமே. நஞ்சன்தான் முதலில் போய்த் தன் வேலிக் கழிகளைப் பிடுங்கி வந்து தீயில் போட்டான். விடியும்வரை பன்னிரண்டு வீட்டாரும் அந்த ஒரே நெருப்பைச் சுற்றி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் மலை வெளேரென்று கிடந்தது. சடைச்சி ஓடிப்போய் ஒரு பழத்தைக் கிள்ளிப் பார்த்தாள். உள்ளே பச்சைப் பசேலென்று உயிரோடு இருந்தது. ரோமத்தை உரிக்கப் பார்த்தாள். அது தோலோடு தோலாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

வியாபாரிகள் வந்தபோது எல்லாப் பழமும் ஒரே நிறம், ஒரே போர்வை. வேலியும் இல்லை. எது யாருடையது என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் யாரும் மெனக்கெடவில்லை. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி, பன்னிரண்டு வீட்டாரும் சுற்றி நின்று விற்றார்கள்.

அன்றிலிருந்துதான் கிவிப்பழம் ரோமம் போர்த்தே காய்க்கிறது, கஷ்கொட்டைகள் ஒரே முள்கூட்டுக்குள் மூன்று மூன்றாக ஒட்டி வளர்கின்றன, தூவான மலைக்காரர்களும் யார் பழம் என்று கேட்டால் "எங்க பழம்" என்று மட்டுமே சொல்கிறார்கள்.