செம்புக்கு அடித்த பெயிண்ட்

“உத்தரவு குடுங்கம்மா. நான் கெளம்புறேன்.”

வடிவம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“எங்க?”

“எங்கயாச்சும். மனுசங்க இல்லாத எடமாப் பாத்து.”

கழிமுகத்துத் திட்டில் இருக்கிற அந்தச் சின்ன மடத்துக்கு வடிவம்மாதான் குரு. நாற்பது வயது இருந்தால் அதிகம். சீடர் கலியமூர்த்திக்கோ பேரன் கல்லூரிக்குப் போகிறான். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரித்து முடித்துவிட்டு மடத்துப் படகில்தான் ஏறுவார்கள். சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே அக்கரையில். வேறு படகு கிடையாது. அதை ஓட்டுகிறவர் கலியமூர்த்தி.

“என்ன நடந்துச்சு?”

“அஞ்சலாட்சியோட அன்னக்கூடையத் தூக்கித் தண்ணியில போட்டுட்டேன். மீனோட.”

இப்போதுதான் அம்மா நிமிர்ந்தார்.

அஞ்சலாட்சி மீன் விற்கிறவள். அவளுடைய அலுமினியக் கூடையை ஏற்றும்போது படகின் வெளிப்பக்கத்தில் உரசி, இரும்பின் மேல் அடித்திருந்த பெயிண்ட் விரல் நீளத்துக்குப் பெயர்ந்துவிட்டது. விஷயம் அவ்வளவுதான்.

“ஆளுங்க ஏறுனா அந்தக் கீறல் தண்ணிக்குள்ள போயிரும்மா. எப்பவும் கீறல் விழுந்த எடத்துலதான் ஓட்டை விழுது. சுத்தி இருக்கிற இரும்பெல்லாம் நல்லாருக்கும். அந்த ஒரு எடத்துல மட்டும் ஊசியால குத்துன மாதிரி உள்ள எறங்கிரும். எத்தன தடவதான் அடைக்கிறது?”

“படகு ஓட்டையாகுதுன்னா கெளம்புறீங்க?”

கலியமூர்த்தி மணலைப் பார்த்தார்.

“இல்லம்மா. கோவத்துக்காகத்தான். முன்னயெல்லாம் எல்லார்கிட்டயும் மல்லுக்கு நிப்பேன். இங்க வந்து அடக்கிட்டேன். கேசு போட்ட பங்காளி மேலகூட இப்ப ஒண்ணும் இல்ல. தியானத்துல உக்காந்தா மனசு அப்படி அடங்கிக் கெடக்கு. ஆனா எங்கயாவது ஒரு பொட்டு எடத்துல பிச்சிக்கிட்டு வருது. அடக்குன மொத்தமும் அங்க வருது. அஞ்சலாட்சி மூஞ்சியப் பாத்தேன். பயந்துட்டாம்மா. என் பேத்தி வயசு மகள வச்சிருக்கிறவ.”

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அம்மா கீரையை ஓரமாக வைத்தார்.

“வாங்க, படகப் பாப்போம்.”

அன்று அமாவாசை. அமாவாசைக்கு அமாவாசை படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தம் செய்வது மடத்து வழக்கம். உடம்பெல்லாம் இரும்பு. மூக்கிலும் அடிவயிற்றிலும் மட்டும் செம்புத் தகடு. சிப்பி ஒட்டாமல் இருக்கட்டும் என்று ஒரு பக்தர் கொடுத்த தகட்டை இரும்போடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள்.

அந்தச் செம்பைக் கலியமூர்த்தி புளி போட்டுத் தேய்ப்பார். தோள் வலிக்க வலிக்கத் தேய்ப்பார். வெயிலில் படகின் மூக்கு அக்கரை வரைக்கும் மின்னும். ‘மடத்துப் படகு வருது பார்’ என்று அங்கே யாராவது சொல்வார்கள். அது காதில் விழுந்தால் துடுப்பு தானாக வேகம் பிடிக்கும். ஊரில் அவருக்குப் புளிச்சாமி என்றே பெயர். கேலிதான். ஆனால் மனுஷருக்கு அது பிடித்திருந்தது.

“எது கெட்டுப்போகுது?” என்றார் அம்மா.

“இரும்பு.”

“செம்பு?”

“செம்புக்கு என்னம்மா, தங்கமாட்டம் இருக்கு.”

“பெயிண்ட் எங்க?”

கலியமூர்த்தி டப்பாவைத் திறந்து கொடுத்தார். அம்மா பிரஷை நன்றாக முக்கி எடுத்து, பளபளவென்றிருந்த செம்பின் மேல் ஒரு இழு இழுத்தார்.

கலியமூர்த்தி பாய்ந்து குறுக்கே நின்றார்.

“என்ன பண்றீங்க? ஓட்டை அங்க விழுது, பெயிண்ட் இங்க அடிக்கிறீங்க. காலையிலதான தேச்சு வச்சேன். கண்ணு தெரியல?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

அம்மா பிரஷை டப்பாவின் மேல் வைத்தார். “அஞ்சலாட்சிகிட்டயும் இந்தக் குரல்லதான் பேசுனீங்களா?”

கலியமூர்த்தி படகை விட்டு விலகி நின்றார்.

“போய் மீட்டர எடுத்துட்டு வாங்க. மெழுகுவத்தியும்.”

மடத்தின் சோலார் விளக்குக்காக வாங்கிய, முள் வைத்த மீட்டர் அது. அம்மா ஒரு பேசினில் கழிமுகத்து உப்புத் தண்ணீரை மொண்டு வைத்தார். ஒரு பக்கம் செம்புத் தட்டு, இன்னொரு பக்கம் இரும்பு ஆணி. இரண்டையும் வயரால் மீட்டரில் இணைத்துத் தண்ணீருக்குள் விட்டார்.

முள் துள்ளி ஏறியது.

கலியமூர்த்தி குந்தி உட்கார்ந்துவிட்டார். “கரண்டாம்மா? பேட்டரியே இல்லியே.”

“இரும்பு கரையுது. கரையக் கரைய கரண்ட் ஓடுது.”

“யாரு கரைக்கிறா?”

“நீங்க பாருங்க. எனக்குக் கண்ணு தெரியல.”

கலியமூர்த்தி சிரித்துவிட்டார். முள்ளைப் பார்த்தபடி இருந்தார். அது மெல்ல மெல்ல இறங்கிக் கீழே வந்து நின்றது.

“அடங்கிருச்சும்மா.”

“தியானத்துல உக்காந்திருக்கு. தண்ணியக் கொஞ்சம் கலக்குங்க.”

விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். முள் எகிறியது.

கையை எடுத்தார். இறங்கியது. மறுபடி கலக்கினார். மறுபடி எகிறியது. தண்ணீர் சும்மா இருந்ததால்தான் அடங்கியிருந்ததா? அவ்வளவுதானா?

“இருங்கம்மா, இருங்க. ஆணிய மூடிப் பாக்குறேன்.”

மெழுகை உருக்கி ஆணி முழுக்க ஊற்றினார். முள் செத்தது போலக் கீழே விழுந்தது. “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல” என்றார். அம்மா புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, ஆணியின் மெழுகில் ஒரே ஒரு குத்துக் குத்தினார்.

முள் மேலே வந்தது. முழு ஆணிக்கும் காட்டிய அளவில் பாதிக்கு மேல் ஏறி நின்றது.

கலியமூர்த்தி மீட்டரைத் தட்டிப் பார்த்தார். வயரை ஆட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை.

“இத்தனூண்டு எடத்துலயா இவ்வளவும் போகுது?”

கலியமூர்த்தி பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. யாரும் சொல்லாமலே செம்புத் தட்டை வெளியே எடுத்து, ஒரு ஓரத்தில் மெழுகு ஊற்றி உள்ளே விட்டார். முள் கொஞ்சம் இறங்கியது. இன்னும் ஊற்றினார். இன்னும் இறங்கியது. தட்டு முழுக்க மூடியதும் முள் தரைதட்டியது. கையை முழுசாக விட்டுப் பேசினைக் கலக்கு கலக்கென்று கலக்கினார். வேட்டியெல்லாம் தண்ணீர். ஆணியில் ஊக்குக் குத்திய ஓட்டை அப்படியேதான் இருந்தது. முள் ஏறவில்லை.

“இரும்பு மேல தப்பு இல்லம்மா,” என்று எழுந்து நின்றார். “பசி செம்புக்கு. கீறல் வெறும் வாசல்தான். இரும்பக் கேட்டுக் கேட்டு வாங்குறது செம்புதான். நான் இரும்ப மூடுறேன், செம்ப…”

திரும்பிப் படகைப் பார்த்தார். பெயிண்ட் கோடு போக மீதிச் செம்பு வெயிலில் தகதகத்தது.

“நானே புளி போட்டு…” என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

தகட்டின் ஓரத்தை விரலால் நெம்பிப் பார்த்தார். “தகட்டப் பிச்சி எடுத்துரலாமா?”

“பிச்சா ஆணி எறங்குன எடமெல்லாம் ஓட்டை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

கலியமூர்த்தி பிரஷை எடுத்தார். கை வரவில்லை.

“மொத்தமுமாம்மா?”

“உங்க இஷ்டம்.”

“மூக்குல மட்டும் கொஞ்சம் விட்டா? அழகுக்கு?”

அம்மா வயரைச் சுருட்டி மீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கலியமூர்த்தி மூக்கிலிருந்துதான் ஆரம்பித்தார். செம்பு முழுக்க அடித்து முடித்தபோது பெயிண்ட் தீர்ந்துபோயிருந்தது. அஞ்சலாட்சி போட்ட கீறல் அப்படியே கிடந்தது.

“அது கெடக்கட்டும்,” என்றார் திரும்பி வந்த அம்மா. “அடுத்த அமாவாசைக்கு அதுல ஓட்டை விழுந்திருந்தா நீங்க கெளம்பலாம்.”

படகு தண்ணீரில் இறங்கியது. அக்கரையில் யாருக்கும் கண் கூசவில்லை. “வந்ததே தெரியலியே” என்றார்கள். பெயிண்ட் அடித்த செம்பின் மேல் சிப்பி ஒட்டியது, சுரண்டிப் போட்டார். புளிச்சாமி என்று கூப்பிடுகிறவர்களும் குறைந்துபோனார்கள். அது கொஞ்ச நாள் வலிக்கத்தான் செய்தது.

அதைவிட வலித்தது அஞ்சலாட்சி உட்கார்ந்த விதம். அவளிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, அவளும் சரி என்றுவிட்டாள். ஆனால் ஈரக்கூடையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டே வருவாள். அக்கரை சேரும்வரை அதைக் கீழே வைக்க மாட்டாள்.

அமாவாசை வந்தது. விடிந்ததும் படகைக் கரையேற்றினார்கள். கீறலில் லேசாகத் துரு. கலியமூர்த்தி கட்டைவிரலால் தேய்த்தார். சுத்தியலால் தட்டினார். கணீரென்றது. மறுபடியும் தட்டினார், அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே.

“படகு தேறிருச்சு,” என்றார் அம்மா. “நீங்க?”

கலியமூர்த்திக்குத் தெரியவில்லை. சந்தைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். படகைத் தண்ணீரில் தள்ளினார்.

அஞ்சலாட்சி ஏறுகிற நேரம் பார்த்து ஒரு அலை வந்தது. அவள் தடுமாறினாள். கூடை கை நழுவிப் படகின் பக்கவாட்டில் கிரீச்சென்று இழுத்தபடி இறங்கியது. முழங்கை நீளத்துக்குப் பெயிண்ட் போய், வெள்ளையாக இரும்பு தெரிந்தது.

அஞ்சலாட்சி கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

கலியமூர்த்தி கீறலைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார். நன்றாகக் காத்திருந்தார். நெஞ்சுக்குள் ஒவ்வொரு மூலையாகத் தேடினார்.

“உக்காரு தாயி,” என்றார். “கூடையக் கீழ வையி. மடியெல்லாம் நனையுது பாரு.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கூடையைப் படகின் தரையில் வைத்தாள்.

திரும்பி வந்ததும் படகைக் கோணல்மாணலாகக் கட்டிவிட்டு, கையில் துடுப்போடு ஓடி வந்தார் கலியமூர்த்தி. அந்த வயதில் அப்படி ஓடியிருக்கக் கூடாது. மூச்சு வாங்கியது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“முள்ளு ஏறலம்மா.”

“தண்ணியக் கலக்கிப் பாத்தீங்களா?”

“அஞ்சலாட்சி கலக்கிட்டா. நல்லாக் கலக்கிட்டா. ஏறவே இல்ல.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. கலியமூர்த்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துடுப்பைச் சுவரில் சாய்த்தார், அது விழுந்தது, எடுக்கவும் இல்லை.

“எம்மாம் பெரிய விஷயம்மா இது. எனக்குக் கோவமே வரலன்னு ஊருல ஒருத்தர் விடாமச் சொல்லணும். இப்பவே அக்கரைக்குப் போறேன்.”

அம்மா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

“செம்பு மறுபடி மின்னுது. புது பெயிண்ட் டப்பா கொல்லையில இருக்கு. எடுத்துட்டுப் போங்க.”