ஆட்டுத்தோல் கொடி

முன்னொரு காலத்தில், ஓர் அரசரின் நாட்டில், ஒருவனுக்குத் தோள்பட்டை வலித்தது. அரசருக்கு வலித்திருந்தால் வைத்தியர்கள் ஓடி வந்திருப்பார்கள். கதையும் அங்கேயே முடிந்திருக்கும். வலித்தது கொடி சுமக்கும் இருளப்பனுக்கு. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தலைப்பாகையைக்கூட அவன் பெண்சாதிதான் கட்டிவிட்டு வேலைக்கு அனுப்பினாள்.

அவன் தோளைக் கெடுத்தது ஒரு கேடயம். கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் அதை அரசருக்குக் காணிக்கையாகக் கொடுத்தான். வெள்ளைப் பரப்பு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகச் சின்ன வால்கள் வரையப்பட்டிருந்தன.

"எங்கள் தேசத்தில் குளிர்காலத்தில் வெளுத்துப்போகும் கீரி மாதிரிப் பிராணி ஒன்று உண்டு. வால் நுனி மட்டும் கறுப்பு. பிரபுக்கள் அதன் தோலைத் தைத்துப் போர்த்திக்கொள்வார்கள். கேடயத்திலும் கொடியிலும் அதையே வரைந்துகொள்வார்கள்" என்று சொல்லிவிட்டு அவன் கப்பலேறிவிட்டான்.

அரசருக்கு ஆசை வந்துவிட்டது. "நம் கொடியும் இப்படி இருக்க வேண்டும்."

பிரதானி திருமலைக்கொழுந்து முந்திக்கொண்டார். "வரைவது வக்கில்லாதவன் வேலை, மகாராஜா. நம் கொடியில் நிஜத் தோலே இருக்கட்டும்."

வெயில் கொளுத்தும் ஊரில் வெள்ளைக் கீரிக்கு எங்கே போவது? வெள்ளை ஆட்டுத்தோல்களைச் சேர்த்துத் தைத்து, கறுப்பு ஆட்டு வால்களை அதன்மேல் முடிந்து தொங்கவிட்டார்கள். சூறைக்காற்று அடித்த அன்று கொடிக்கம்பு ஆடியது, கொடி ஆடவில்லை. மழையில் நனைந்தால் கனம் இரண்டு பங்கு. நாற்றத்துக்கு ஊர் நாய்கள் பின்னாலேயே வந்தன.

அரண்மனை விகடன் பெயர் தொப்பளான். விகடன் ஆவதற்கு முன் கோட்டை மதிலுக்குக் கல் சுமந்தவன். இருளப்பனின் வீங்கின தோளைப் பார்த்தால் அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"என்னடா, தோளுல தேங்கா காச்சிருக்கு?"

"வசந்த விழா வந்தா இன்னொண்ணு காய்க்கும் அண்ணே. ஊர்வலத்துல கொடி சாஞ்சா சவுக்கடின்னு பிரதானி சொல்லிட்டாரு. இந்தத் தோளு தாங்காது."

"அவரு ஒரு நாளாவது தூக்கிப் பாத்தாரா?"

"அவரு வெத்தலைப் பெட்டியவே அவரு தூக்க மாட்டாரு."

மறுநாள் தொப்பளான் சபையில் எழுந்து நின்றான். "மகாராஜா, தங்கள் கொடி பறக்கவில்லை, தொங்குகிறது. சுமப்பவன் தோள் போய்விட்டது. துணியில் வரைந்துகொள்ளலாமே."

"சோம்பேறிக்குச் சோற்றுச் சட்டியும் பாரம்தான்" என்றார் பிரதானி. "ஆட்டுத்தோலில் என்ன பாரம்? நானே போர்த்திக்கொண்டு நான்கு வீதியும் நடந்து வருவேன்."

அரசர் இரண்டு பக்கமும் பார்த்தார். அவருக்கு இரண்டும் வேண்டும். "கொடி பறக்க வேண்டும். என் ஊர்வலத்தில் அந்தத் தோலின் ஒரு முடிகூடக் குறையவும் கூடாது. செய்து காட்டு."

"தவறினால் ஆயுள் முழுக்க விகடனே சுமக்கட்டும், மகாராஜா" என்றார் பிரதானி.

"அப்படியே ஆகட்டும்."

"உத்தரவு" என்றான் தொப்பளான். "பிரதானியார் சபையில் சொன்னதும் சொல்தானே, மகாராஜா?"

"சபையில் சொன்னால் சொல்தான்."

தொப்பளான் வெள்ளைத் துணி வாங்கினான். விளக்குக் கரியைப் பிசினில் குழைத்து ஒரு வால் வரைந்தான்.

இருளப்பன் எட்டிப் பார்த்தான். "கத்தரிக்கா நல்லா வந்திருக்கு அண்ணே."

தொப்பளான் தோல் கொடியைத் திரும்பப் போய்ப் பார்த்தான். ஒவ்வொரு வாலும் மூன்று முடிச்சில் தொங்கியது. வந்து, மேலே மூன்று புள்ளி வைத்தான். கீழே வாலை இழுத்து, நுனியை மூன்றாகப் பிரித்துவிட்டான். இருளப்பன் பத்தடி தள்ளி நின்று பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

விழா அன்று அந்தக் கொடி ஏறியது. லேசான காற்றுக்கே படபடவென்று அடித்துக்கொண்டது. நூறு வாலும் உயிரோடு ஆடுவது போலிருந்தது. மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அரசர் எழுந்தே விட்டார்.

"மகாராஜா, அது கரி" என்றார் பிரதானி. "ஒரு முடி இல்லை அதில். தோல் எங்கே என்று கேளுங்கள்."

"தோல் எங்கே?" என்றார் அரசர்.

இரண்டு ஆட்கள் அதை மூச்சு வாங்கக் கொண்டுவந்து வைத்தார்கள். கழுத்துப் பக்கம் கயிறு கோத்திருந்தது.

"ஒரு முடி குறையவில்லை, மகாராஜா" என்றான் தொப்பளான். "ஊர்வலத்திலும் வரப்போகிறது. போர்த்திக்கொண்டு நான்கு வீதியும் வருவதாகப் பிரதானியார் சொல்லியிருக்கிறார். அந்த வணிகன் தேசத்து வழக்கமும் அதுதானே. கொடிக்குப் படம், பிரபுவுக்குத் தோல்."

பிரதானி அரசரைப் பார்த்தார். அரசர் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். சபையில் சொன்ன சொல், வேறு வழியில்லை. பிரதானி போர்த்திக்கொண்டார்.

கீழவீதியில் வியர்த்தது. தெற்கு வீதியில் நாய்கள் சேர்ந்தன. ஒன்று வாலைக் கவ்வி இழுத்தது. மேலவீதி முனையில் ஒரு மோர்ப்பந்தல். பிரதானி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

யானைமேல் இருந்தபடி அரசர் குனிந்து கேட்டார். "பிரதானியாரே, பாரமா?"

இல்லை என்று சொன்னால் எழுந்து நடக்க வேண்டும். "பாரம்தான், மகாராஜா" என்றார்.

அரசர் சிரித்த சிரிப்பில் அம்பாரி குலுங்கியது. யானைப்பாகன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். அரசர் தம் கைக் கடகத்தைக் கழற்றித் தொப்பளானிடம் போட்டார். இனி எந்நாளும் துணிக் கொடிதான் என்று அங்கேயே உத்தரவும் ஆயிற்று. முன்னால் நின்ற இருளப்பன் கண்ணில் பட்டதும், "உன் தோளுக்கு அரண்மனையிலிருந்து ஒரு குடம் நல்லெண்ணெய் வரும்" என்றார்.

தோல் பிரதானி வீட்டுப் பரணில் கிடக்கிறது. கொடி இன்றும் பறக்கிறது. வீக்கம் தானாகவே வடிந்து, இருளப்பன் தலைப்பாகையை இப்போது தானே கட்டிக்கொள்கிறான். அரசர் அவனுக்குத் தர வேண்டியது ஒரு குடம் நல்லெண்ணெய். அது இன்னும் வரவில்லை.