இரண்டு படைக்கும் கேட்கக் கத்தியவள்

யானைக்கும் காட்டெருமைக்கும் குருவிக்கும் ஒரே பேச்சு புழங்கிவந்த அந்தக் காலத்தில், மலைகளுக்கு நடுவே ஓடிய ஓர் ஆறுதான் இரண்டு பெரிய நாடுகளுக்கு எல்லையாக இருந்தது. ஆற்றுக்கு மேற்கே மூங்கில் காடெல்லாம் யானைகளுடையது. கிழக்கே புல்மேடெல்லாம் காட்டெருமைகளுடையது. இப்படிப் பிரித்தது யார் என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய தேவையும் வரவில்லை. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம், நடுவில் தண்ணீர் ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஓர் ஐப்பசியில் பிடித்த மழை பதினோரு நாள் விடவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பெரிய திட்டு ஒன்று. கூழாங்கல்லும் மணலும் கொஞ்சம் கோரையுமாகக் கிடந்த அந்தத் திட்டில், வெள்ளம் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போன இடத்தில், வெள்ளை வெளேரென்று உப்பு மண் தெரிந்தது.

உப்பு மண் இல்லாவிட்டால் யானைக்குட்டிக்கும் எலும்பு உறுதிப்படாது, காட்டெருமைக் கன்றுக்கும் எலும்பு உறுதிப்படாது. இரண்டு நாட்டிலும் உப்பு மண்ணுக்காக மூன்று நாள் நடந்து போய் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது வாசலிலேயே வந்து கிடக்கிறது.

"கிழக்கே ஓடுறதுதான் பழைய ஆறு. அதனால திட்டு நம்மோடது" என்றன யானைகள்.

"மேற்கே ஓடுறதுதான் பழைய ஆறு. திட்டு நம்மோடது" என்றன காட்டெருமைகள்.

யானைகளின் தலைவி பெயர் தழைக்காதி. அகன்ற காதும் நிதானமான நடையும் கொண்டவள். திட்டைக் காக்கும் பொறுப்பை அவள் ஒற்றைக்கொம்பன் என்கிற தளபதியிடம் கொடுத்தாள். அவன் மேற்குக் கரையில் பத்து யானைகளை நிறுத்தினான். அதைப் பார்த்த காட்டெருமைத் தலைவன் வெள்ளைக்காலன் கிழக்குக் கரையில் இருபது பேரை நிறுத்தினான். அவர்கள் இருபது என்றதும் இவர்கள் முப்பது. யானைகள் மரங்களைப் பிடுங்கிவந்து கரை நெடுக அடுக்கின. காட்டெருமைகள் பாறையில் கொம்பு தீட்டின. அந்தக் கரகரச் சத்தம் பகலெல்லாம் ஆற்றைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது.

குட்டி ஈன்ற யானைகள் தழைக்காதியிடம் வந்து கேட்டன. "அம்மா, திட்டு நம்மோடதுதானே. எப்போ போய் உப்பு தின்னலாம்?"

"முதல்ல காவல் பலமாகட்டும்" என்றாள் தழைக்காதி. அக்கரையில் வெள்ளைக்காலனும் அதையேதான் சொன்னான். மூன்று வருடம் போயிற்று. அந்த உப்பை ஒரு நாக்கும் தொடவில்லை. காவலை விட்டுவிட்டு மூன்று நாள் நடந்து பழைய இடத்துக்குப் போகவும் யாருக்கும் முடியவில்லை.

அவ்வப்போது வரும் ரோந்தைத் தவிர யாரும் கால் வைக்காத இடம் என்பதால்தான் மஞ்சக்காலி அந்தத் திட்டுக்கு வந்தாள். கால் மஞ்சளாக இருந்ததால் அப்படிப் பெயர். இன்றைக்கு அவள் இனத்துக்கு நாம் சொல்லும் பெயர் அப்போது கிடையாது. அந்த இனத்தில் யாரும் சத்தம் போடமாட்டார்கள். மரத்தில் கூடு கட்டத் தெரியாதவர்கள். வெட்டவெளியில், கூழாங்கல் நடுவில் முட்டையிடுவார்கள். முட்டையும் கல் போலவே இருக்கும். யாராவது வந்தால் தாய் மூச்சுக் காட்டாமல் எழுந்து நழுவிவிடும். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அது.

மஞ்சக்காலியும் அவள் கணவன் கருங்கழுத்தனும் திட்டின் நடுவே ஒரு குழி பறித்தார்கள். அவள் நான்கு முட்டை இட்டாள். ஒன்பதாம் நாள் யானைகள் ரோந்து வந்தன. வழக்கப்படி மஞ்சக்காலி நழுவினாள். திரும்பி வந்து பார்த்தபோது குழி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு காலடி மட்டும் இருந்தது.

அவள் அழவில்லை. வேறு இடம் பார்த்து மறுபடி நான்கு முட்டை இட்டாள். இந்த முறை வந்தது காட்டெருமை ரோந்து. பிளந்த குளம்புகளின் தடத்தில் மஞ்சள் கரு ஒழுகிக் கிடந்தது.

"வா, போயிரலாம்" என்றான் கருங்கழுத்தன். "பெரியவங்க சண்டை போடுற இடத்துல நமக்கு என்ன வேலை?"

"எங்கே போறது? அந்தக் கரையில அவங்க படை, இந்தக் கரையில இவங்க படை. இங்கேயாவது வாரத்துக்கு ஒருதரம்தான் வர்றாங்க" என்றாள் அவள்.

மூன்றாம் முறையும் நான்கு முட்டை இட்டாள். ஒரு சாயங்காலம் ஒற்றைக்கொம்பன் தனியாக நடந்து வந்தான். குழிக்கு நான்கு அடி தள்ளி நின்றான்.

"குருவி, உன்னைப் பலநாளா பார்த்துக்கிட்டிருக்கேன். நீ இருக்கிற இடத்துலேர்ந்து அக்கரை நல்லாத் தெரியும். அவங்க எத்தனை பேர், எந்தப் பக்கம் நகர்றாங்கன்னு எனக்கு மட்டும் வந்து சொல்லு. உன் முட்டைப் பக்கம் யானைக் கால் வராது. இது என் வாக்கு."

மறுநாள் காலையிலேயே வெள்ளைக்காலன் வந்தான். முழங்கால்வரை வெளுத்த காலை மடக்கி மெதுவாகப் பேசினான். "தங்கச்சி, யானைங்க நடமாட்டத்தை எனக்கு மட்டும் சொல்லிட்டா போதும். எங்க குளம்பு உன் குழியைத் தொடாது."

இருவரையும் அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள்.

"ஒருத்தருக்குச் சரின்னு சொல்லேன்" என்றான் கருங்கழுத்தன்.

"யானைக்கு ஆள் பார்த்துச் சொன்னா எருமை மிதிக்கும். எருமைக்குச் சொன்னா யானை மிதிக்கும்."

"அப்போ ரெண்டு பேருக்கும் ரகசியமா சொல்லு."

"சொன்னா? நான் சொன்னதை வச்சு இவங்க அவங்களை அசந்த நேரத்துல அடிப்பாங்க. அவங்க இவங்களை அடிப்பாங்க. அது நடக்கப்போறது நம்ம முட்டை மேலதான்."

அவன் முட்டைகளைச் சரிபார்த்துவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டான்.

மார்கழி பிறந்தது. ஒருநாள் பொழுது விடிந்தும் மூடுபனி விலகவில்லை. கைநீட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. மஞ்சக்காலி அடைகாத்துக்கொண்டிருந்தாள். முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கொத்தும் சத்தம் அவள் வயிற்றில் பட்டது. இன்றைக்கோ நாளைக்கோ பொரிந்துவிடும்.

அப்போது மேற்கே தண்ணீர் சலசலத்தது. யானைகள், ஒன்றன் பின் ஒன்றாக, ஓசைப்படாமல் ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தன. முன்னால் ஒற்றைக்கொம்பன். அவன் அவளைக் கடந்தபோது குனிந்து சொன்னான். "சத்தம் காட்டாதே. இன்னைக்குத் திட்டைப் பிடிச்சிடுவோம். உன்னைச் சுத்தித்தான் போகச் சொல்லியிருக்கேன்."

சொன்னபடி யானைகள் அவளைச் சுற்றித்தான் போயின. அவள் எண்ணினாள். முப்பத்திரண்டு. கடைசியில் தழைக்காதி.

அதே நேரம் கிழக்கேயும் தண்ணீர் சலசலத்தது. அந்தப் பனியை நம்பிப் புறப்பட்டது யானைகள் மட்டும் இல்லை. காட்டெருமைகளும் திட்டைப் பிடிக்க வந்துகொண்டிருந்தன. பெரிய உருவங்கள் பனிக்குள் ஒவ்வொன்றாகக் கரை ஏறின. ஓசைப்படாமல் தாழப் பறந்து போய் அவற்றையும் எண்ணிவிட்டுக் குழிக்குத் திரும்பினாள். நாற்பத்தொன்று. இரண்டு படைக்கும் நடுவில் நூறு அடிகூட இல்லை. ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. முட்டிக்கொள்கிற நொடியில்தான் தெரியும். அப்புறம் எந்த வாக்குக்கும் அர்த்தம் இருக்காது.

நழுவிவிடு என்று அவள் உடம்பு சொன்னது. அவள் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் அதைத்தான் செய்தார்கள். அவளும் இரண்டு தடவை அதைத்தான் செய்தாள்.

மஞ்சக்காலி எழுந்தாள். நழுவவில்லை. நேராக மேலே பறந்து, அவள் இனத்தில் யாரும் கேட்டிராத குரலில் கத்தினாள்.

"யானை வருது. யானை வருது. முப்பத்திரண்டு பேர்."

காட்டெருமைகள் நின்ற இடத்தில் நின்றன. அவள் காற்றில் திரும்பி மறுபக்கம் கத்தினாள்.

"எருமை வருது. எருமை வருது. நாற்பத்தொரு பேர்."

யானைகளும் நின்றன. அவள் விடவில்லை. இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை, இரண்டு பக்கமும் கேட்கும்படி ஒரே செய்தியைக் கத்திக்கொண்டே வட்டமடித்தாள். நடுநடுவே "இங்கே முட்டை இருக்கு, இங்கே முட்டை இருக்கு" என்றும் கத்தினாள். இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த இடத்தை அவளே காட்டிக்கொடுத்தாள்.

ஒற்றைக்கொம்பன் திரும்பி வந்தான். கோபத்தில் காது விரிந்திருந்தது. முன்னங்காலைத் தூக்கிக் குழிக்கு நேராகப் பிடித்தான்.

"வாயை மூடு. இல்லேன்னா இதோ."

மஞ்சக்காலி இறங்கி முட்டைகளுக்கு முன்னால் நின்றாள். இரண்டு சிறகையும் விரித்தாள். அந்தக் காலின் நிழலே அவளை முழுக்க மூடியது. அவள் வாயை மூடவில்லை.

"முப்பத்திரண்டு. நாற்பத்தொன்று" என்று கத்தினாள்.

அப்போது பனிக்குள்ளிருந்து இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. கருங்கழுத்தன். மெல்லிய குரல்தான். ஆனாலும் அவள் சொன்னதையே அவனும் சொன்னான். "முப்பத்திரண்டு. நாற்பத்தொன்று." சொல்லிக்கொண்டே வந்து மனைவி பக்கத்தில் நின்று அவனும் சிறகை விரித்தான்.

"காலை எடு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தழைக்காதி முன்னால் வந்தாள். "குருவி, அக்கரையிலேர்ந்து எத்தனை பேர்னு சொன்னே?"

"நாற்பத்தொரு பேர் அம்மா. என் கண்ணால எண்ணினேன்."

தழைக்காதி தளபதியைப் பார்த்தாள். "நானூறு பேர் நிக்கிறாங்கன்னு நேத்து வரைக்கும் சொன்னியே."

ஒற்றைக்கொம்பன் தூக்கிய காலை மெதுவாகப் பக்கத்தில் வைத்தான். "கொம்பு தீட்டுற சத்தத்தை வச்சுச் சொன்னேன் அம்மா" என்றான்.

அந்தப் பக்கம் வெள்ளைக்காலனுக்கும் அதே கணக்குதான் இடித்தது. முப்பத்திரண்டு யானைகளுக்காகவா மூன்று வருடம் நாட்டில் பாதிப் பேரைக் கரையில் நிறுத்தி வைத்தோம் என்று அவன் தன் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் புல்லைப் பார்த்தார்கள். பிறகு பனிக்குள் நோக்கிக் குரல் கொடுத்தான்.

"தழைக்காதி அம்மா, அங்கே இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ வந்த காரியம் என்ன?"

"நீங்க வந்த காரியம்தான்."

அதற்குள் பனி மேலே ஏறத் தொடங்கியது. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று முழுசாகப் பார்த்தன. இளைத்துப்போன யானைகள். விலா எலும்பு தெரியும் காட்டெருமைகள். நடுவில் நாக்குப் படாத உப்பு மண்.

"திட்டு யாருக்கு?" என்று கேட்டான் வெள்ளைக்காலன்.

"அதை ஆறே இன்னும் முடிவு பண்ணலை" என்றாள் தழைக்காதி. "நாம ஏன் அவசரப்படணும்? உச்சிவரைக்கும் எங்க குட்டிங்க தின்னட்டும். உச்சிக்கு மேல உங்க கன்னுங்க தின்னட்டும்."

"மறுபடி பனி இறங்கும். நீங்க சொல்லாம வந்துட்டா?"

"நீ சொல்லாம வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்கும் அதே பயம்தான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மஞ்சக்காலியைப் பார்த்தார்கள்.

"நான் சொல்றேன்" என்றாள் அவள். "யார் வந்தாலும் கத்துவேன். யானை வந்தாலும் கத்துவேன், எருமை வந்தாலும் கத்துவேன், யார்னே தெரியாத ஆள் வந்தாலும் கத்துவேன். ஒருத்தர் காதுல மட்டும் போய்ச் சொல்லமாட்டேன். ரெண்டு கரைக்கும் கேக்கணும். அதுக்கு ஒரே ஒரு கூலி. நான் கத்துற இடத்துல யாரும் கால் வைக்கக்கூடாது."

"வைக்கமாட்டோம்" என்றாள் தழைக்காதி.

"வைக்கமாட்டோம்" என்றான் வெள்ளைக்காலன்.

எல்லோரும் ஒற்றைக்கொம்பனைப் பார்த்தார்கள். அவன் தும்பிக்கையால் நான்கு பெரிய கல்லைப் பொறுக்கிவந்து, முட்டையில் இடிக்காதபடி குழியைச் சுற்றி வைத்தான்.

அன்றைக்கு உச்சி வெயிலுக்குள் நான்கு முட்டையும் பொரிந்தன. ஈரம் காய்ந்ததும் குஞ்சுகள் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டன. கரை நெடுக அடுக்கியிருந்த மரங்களை யானைகள் ஆற்றில் உருட்டிவிட்டன. காவல் நின்றவர்கள் எல்லாரும், அன்றைக்கு மட்டும் முறை பார்க்காமல், அவரவர் குடும்பத்தோடு திட்டுக்கு வந்தார்கள். மூன்று வருடத்தில் பிறந்த குட்டிகளும் கன்றுகளும் முதல்முதலாக உப்பு தின்றன. அத்தனை பெரிய கால்களுக்கு நடுவே நான்கு பஞ்சுக் குஞ்சுகள் ஓடின. ஒவ்வொரு காலும் அவற்றுக்காகத் தூக்கியபடி நின்று, பார்த்துப் பார்த்து இறங்கியது. மஞ்சக்காலி மேலே பறந்து பறந்து கத்தினாள். அவள் குரல் அடைக்கும்போது கருங்கழுத்தன் கத்தினான். அவன் குரல் அடைக்கும்போது குஞ்சுகள் கீச்சிட்டன. இரண்டு நாடும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு உப்பு தின்றன.

அவளுக்கு ஆள்காட்டி என்று பெயர் விழுந்தது அன்றைக்குத்தான். வெட்டவெளியில் முட்டையிட்டு, யார் வந்தாலும் ஊருக்கே கேட்கும்படி அவள் இனம் இன்றுவரை கத்துவதும், அந்தச் சத்தம் கேட்டால் யானையும் காட்டெருமையும் நின்று வழி மாற்றிப் போவதும் அந்த மார்கழிக் காலையிலிருந்து வந்த வழக்கம்தான்.