எதிரிக்கு ஒரு சொட்டு

"கிருமியைக் கொல்லப் படிச்சவன் கிட்ட அதை வளர்க்கச் சொல்றீங்க, மேடம். இருபத்திரண்டு வருஷம் மாட்டாஸ்பத்திரியில இருந்தவன் நான்."

சவரிமுத்து இதைச் சொல்வது மூன்றாவது முறை. சொல்லும் மாறவில்லை, பெருமூச்சும் மாறவில்லை. ஐம்பது வயதில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். வழிகாட்டி பொற்கொடிக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. அந்த வருத்தம் வேறு.

மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் மாட்டு ரத்தம். ரத்த அணுக்களுக்குள், உண்ணி கடித்து மாடுகளுக்கு வரும் காய்ச்சலின் ஒட்டுண்ணி. அதை மாதக்கணக்கில் வளர்த்து வலுவிழக்கச் செய்தால்தான் கன்றுகளுக்குத் தடுப்பூசி. ஐந்து கிண்ணங்களில் நான்கு செத்துவிட்டன. இதுவும் போனால், இன்னொரு மாடு காய்ச்சலில் விழும்வரை காத்திருக்க வேண்டும்.

"தினமும் இதை என்ன செய்றீங்க, சார்?"

"நல்லா குலுக்கிட்டுப் பார்ப்பேன். ரத்தம் எடுத்தா குழாயைக் குலுக்கத்தானே செய்வோம்?"

"குழாய் ரத்தம் சோதனைக்குப் போகுது. இது குடித்தனம் பண்ணுது."

பொற்கொடி மிச்சமிருந்த மாட்டு ரத்தத்தில் ஒரு துளி எடுத்து, புண் கழுவும் பெராக்சைடை அதன்மேல் விட்டாள். வெள்ளையாகப் பொங்கியது.

"இது தெரியாதா எனக்கு? புண்ணுல தினம் பார்க்கிறதுதான்."

"ஏன் நுரைக்குது?"

"ரத்தத்துல கேட்டலேஸ்னு ஒரு நொதி இருக்கு. பெராக்சைடை உடைச்சுப் போட்டுடும். இல்லேன்னா அணு வெந்துடும்."

"உள்ளே குடியிருக்கிறது?"

"அதுவும்தான்."

"குலுக்கினா காத்து கலக்குது. காத்துல இருக்கிற ஆக்ஸிஜனால இதே பெராக்சைடு ஊறுது. மாட்டோட உடம்பு சமாளிக்கும். கிண்ணத்துல ரத்தம் தனியா என்ன செய்யும்?"

நொதி இருந்த சின்னக் குப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

"என் கண்ணு முன்னால எத்தனை பசுவைக் கொன்னிருக்கு. இதுக்குப் போய் நான் காவலா?"

"உள்ளே இருக்கிறது யாருன்னு கேட்டுட்டா, சார், ரத்தம் நுரைச்சுது?"

சவரிமுத்து குப்பியைத் திறந்து அளந்து கிண்ணத்தில் சேர்த்தார். கை பழக்கத்தில் கிண்ணத்தை ஆட்டப் போனது, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, நுண்ணோக்கியில், ஒரே அணுவுக்குள் பேரிக்காய் வடிவில் இரண்டு ஒட்டுண்ணிகள். பக்கத்து அணுவிலும் இரண்டு. முந்தின நாள் தேடித் தேடித்தான் ஒன்று கிடைத்தது.

கிண்ணத்தை இரு கைகளிலும் ஏந்தி, அலுங்காமல் வெப்பப்பெட்டிக்குள் வைத்தார். கதவை மூடுமுன் குனிந்தார்.

"கன்னுக்குட்டிங்க காத்திருக்கு. நாளைக்கும் உசிரோட இரு, என்ன?"