நீலச் சட்டை போட்டிருக்கிற ஒச்சப்பன்

மூன்று மாதம் இங்கிலீஷ் இலக்கணம் படித்தும் அந்த நாலு பேருக்கு மூளை கெடவில்லை; கெடுவதற்கு இருந்தால்தானே!

வாத்தியார் சொல்லிக்கொடுத்தது இரண்டே பாடம். மூன்றாவது அவருக்கும் தெரியாது. “கேள்வியை மொட்டையாகக் கேட்காதே, இன்னொரு வாக்கியத்துக்குள் பொதிந்து கேள். ஆளை மொட்டையாகச் சொல்லாதே, என்ன செய்கிற ஆள், என்ன போட்டிருக்கிற ஆள் என்று சேர்த்துச் சொல்.”

பரீட்சை திருச்சியில், பத்து மணிக்கு. பாஸானால்தான் மகள் பொன்னுத்தாயியைக் கட்டிக்கொடுப்பேன் என்று மாமா ஒச்சப்பனிடம் கறாராகச் சொல்லியிருந்தார். நாலு ஹால்டிக்கெட்டும் அவன் பையில். திருச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வடை வாங்கித் திரும்பினால், கூட வந்த மூவரையும் காணோம்.

டீக்கடைக்காரரிடம் போனான். “அண்ணே, என்னைத் தொலைச்சவங்க எங்க நிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமான்னு நான் தெரிஞ்சுக்கலாமான்னு…”

“டீ வேணுமா, வேணாமா?”

‘எவ்வளவு மொட்டையான கேள்வி, படிக்காத மனுசன்’ என்று இரங்கினான். டீயை வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்த கேள்வி முடிவதற்குள் பின்னால் வந்தவர் இடித்து, டீ அவன் நீலச் சட்டையில் கொட்டியது. சட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். வடையைத் தின்றான்.

ஒலிபெருக்கி அலறியது: “நீலச் சட்டை போட்டிருக்கிற, கையில் வடை வைத்திருக்கிற, அழுதுகொண்டிருக்கிற ஒச்சப்பன் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும்!”

“பாவம், எவனோ,” என்றான்.

“உன் பேரு என்னய்யா?” என்றார் டீக்கடைக்காரர்.

“ஒச்சப்பன். ஆனா அவன் நீலச் சட்டை போட்டிருக்கிறவன். நான் பனியன் போட்டிருக்கிறவன்.”

இருந்தாலும் மனசு கேட்காமல், தேட ஒத்தாசை செய்யப் போனான். அறிவிப்பு அறையில் மற்ற மூவரும் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“முகம் அவன் முகந்தான்,” என்றான் சடையன். “ஆனா வடை எங்க?”

வடை வந்தது. ஈரச் சட்டையும் ஏறியது. ஆட்களைக் கண்ட சந்தோஷத்தில் அழுகைதான் வரவில்லை. மூவரும் முறை வைத்துக் கிள்ளினார்கள். ஓவென்று அழுதான்.

“கெடைச்சுட்டான்டா!”

ஓடினார்கள். பரீட்சைக்கூட வாசலில் மணி ஒன்பது ஐம்பது. ஒச்சப்பன் தன் ஹால்டிக்கெட்டை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். போட்டோவில் வெள்ளைச் சட்டை.

“டேய், பரீட்சை எழுதவேண்டியவன் இவன்டா! பாஸானா பொன்னுத்தாயியும் இவனுக்குத்தான்!” என்று போட்டோவைக் காட்டினான்.

நாலு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பி ஓடினார்கள். பத்து மணிக்கு ஒலிபெருக்கி மறுபடி அலறியது: “வெள்ளைச் சட்டை போட்டிருக்கிற, பொன்னுத்தாயியைக் கட்டிக்கொள்ளப்போகிற ஒச்சப்பன் உடனே வரவும்!”

அறை வாசலில் நீலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒச்சப்பன் காத்திருந்தான்.

“வரட்டும் அந்தப் பய.”