சடைச்சி கேட்ட துணை

ஒரு காட்டில், தாமரைக் குளத்தின் கரையில், நடமாட முடியாத கிழ விலங்குகளுக்காக ஒரு குடில் இருந்தது. அதை நடத்தியவர் ஒரு கலைமான். வேலையெல்லாம் செய்தவள் சடைச்சி என்ற கரடி. சடைச்சிக்கும் வயது குறைவில்லை. முகவாயில் நரை விழுந்திருந்தது.

குடிலிலேயே கனமானவர் வேடியப்பன் என்ற காட்டுப்பன்றி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஒரே பக்கமாகப் படுத்தால் புண் வந்துவிடும். அதனால் அடிக்கடி அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவர் தோளைப் பிடிக்க, இன்னொருவர் இடுப்பைத் தள்ள, இரண்டு பேர் செய்கிற வேலை அது. சடைச்சி தனியாகச் செய்தாள்.

“ஐயா, என் முதுகு போச்சு. புரட்டறதுக்கு இன்னொரு ஆள் குடுங்க,” என்று கேட்டாள்.

“உன்னைப் போல் யாருக்கு வரும்!” என்று கலைமான் அவளுக்கு மாலை போட்டார்.

மறுபடி கேட்டாள். ‘கருணைத் திலகம்’ என்று பட்டம் கொடுத்தார். அதற்கப்புறமும் கேட்டாள். பொறுமையைப் பற்றிப் பேச ஒரு காகத்தை வரவழைத்தார். காகம் உச்சிவெயில் வரைக்கும் பேசியது. சடைச்சி உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று. அதுவரை வேடியப்பன் ஒரே பக்கமாகக் கிடந்தார்.

கலைமானுக்குக் காது என்னவோ அகலமாகத்தான் இருந்தது. என்ன பிரயோசனம்?

சடைச்சிக்கு முன்னால் வேலை பார்த்த கிழ எருமையும் கழுதையும் இப்படித்தான் துணை கேட்டுக் கிடைக்காமல் வேலையை விட்டுப் போயின. “வயதானவர்கள் ஏன் இந்த வேலையில் நிற்பதில்லை?” என்று விசாரிக்கக் கலைமான் காகத்தையே அனுப்பினார். காகம் மீனைக் கேட்டது. தவளையைக் கேட்டது. மலையடிவாரத்து முயலைக்கூடப் போய்க் கேட்டது. சடைச்சியை மட்டும் கேட்கவில்லை. “வயதானால் அன்பு குறைந்துவிடுகிறது” என்று வந்து சொன்னது.

சடைச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அன்பு நிறைய இருக்குய்யா. முதுகுதான் இல்ல. நான் கிளம்பறேன்.”

“வேடியப்பனை விட்டுப் போக உனக்கு மனசு வருமா?” என்று கலைமான் மடக்கினார்.

“அப்ப நீங்க வாங்க. இடுப்புப் பக்கம் தள்ளுங்க.”

“என் கொம்பு கூரையில் மாட்டிக்கொள்ளுமே,” என்று சொல்லி அவர் நழுவிவிட்டார்.

வேடியப்பன் படுக்கையிலிருந்து சொன்னார். “போயிடு தாயி. எனக்காக நின்னு நின்னு நீயும் படுத்துடாதே.”

“போறேன் மாமா. ஒரு தரம் புரட்டிவிட்டுட்டுப் போறேன். இந்தப் பக்கம் செவந்து கெடக்கு.”

அப்படியே போயிருக்கலாம். நல்லவர்களிடம் இதுதான் தொல்லை, சொன்னால் கேட்க மாட்டார்கள். சடைச்சி அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள். முதுகில் சுளீரென்றது. வேடியப்பன் மறுபக்கம் புரண்டார். சடைச்சி அவருக்குப் பக்கத்திலேயே சாய்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

சத்தம் கேட்டுக் கலைமான் ஓடிவந்தார். “ஐயையோ, இனி வேடியப்பனை யார் புரட்டுவது?” என்று பதறினார்.

“நேத்து வரைக்கும் இன்னும் ஒரு ஆள் போதுமா இருந்துச்சு,” என்றார் வேடியப்பன். “இனிமே ரெண்டு பேரைத் தேடு. புரட்டறதுக்கும் இப்ப நாங்க ரெண்டு பேர் கெடக்கோம்.”

உழைப்பவர் துணை கேட்டால் துணையைக் கொடுக்க வேண்டும். புகழ்ச்சியைக் கொடுத்து ஏய்த்தால், உழைப்பவரையே இழக்க நேரும்.